பிள்ளை பாஸ் வளைத்துச் செய்த துவக்கு

என் ஆசை அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் போய் ஒன்பது வருடமாகிறது. இனியாவது சுகமாகத்தான் இருப்பீர்கள். நான் கேட்க வந்தது வேறு. பதுளையில் துப்பாக்கி வேலை செய்த காலத்தில் ஒரு துவக்கைக் கோணலாகச் செய்தீர்களாமே, அது ஏன்?

இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது இந்த வைகாசியில். நயினாதீவுக்குப் போகிற சிங்கள யாத்திரிகர்களின் பஸ்கள் சரவணை வீதியால் வரிசையாக ஓடுகிற காலம். அப்படி ஓடிய ஒரு பஸ் நம் ஒழுங்கை முகப்பில் நின்று, வெள்ளைச் சேலை கட்டிய ஒருவரை இறக்கிவிட்டுப் போனது. என்னைவிட மூன்று நான்கு வயது கூடவாக இருக்கும். நம் விலாசம் எழுதிய ஒரு பழைய தபாலட்டையைச் சந்திக் கடையில் காட்டி விசாரித்து, நம் படலைக்கு வந்து நின்றார்.

"பிள்ளை பாஸ் வீடு இதுதானுங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பெயரைக் கேட்டு நாற்பது வருடம் இருக்கும். இங்கே உங்களைக் கணபதிப்பிள்ளையர் என்பார்கள், மாட்டுக்காரக் கணபதி என்பார்கள். பாஸ் என்று, கைவேலையில் பெரிய ஆள் என்ற அர்த்தத்தில், பதுளைச் சனம் மட்டுந்தான் உங்களைக் கூப்பிட்டது. "ஓம், நான் அவரின்ரை மகள்" என்றேன்.

"நான் மல்லிகா. சோமபாலவோட மக. தேயிலை பெக்டரியில இருந்தாரே, அவரு. எங்க அப்பா போன வருஷம் தவறிட்டாரு."

பெக்டரித் தொழிலாளிகளிடம் பழகிய தமிழ் அது. சோமபால ஐயாவை, பதுளைப் பேச்சில் சோமபால மாத்தையாவை, எனக்கு ஞாபகம் இருந்தது. உங்கள் பட்டறை வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு எனக்கு ஒரு டொபி தந்துவிட்டு உள்ளே வருகிற, ஒரு கண்ணில் கறுப்புத் துணி கட்டிய மனிதர். உள்ளே வந்தால் நீங்கள் இரண்டு பேரும் மணிக்கணக்காக ஒன்றும் பேசாமல் ஒரு மரத்துண்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சத்தம் கேட்டு அம்மா குசினிக்குள் இருந்து வெளியே வந்தா. எண்பத்து மூன்று வயதில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே சிலவேளை மறந்து போகிறவ, வெள்ளைச் சேலையைக் கண்டதும் "எண்ட, எண்ட, வாடிவென்ட" என்று சிங்களத்தில் வந்து இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினா. அந்தச் சிங்களத்தை எங்கே வைத்திருந்தாவோ இவ்வளவு காலமும்!

மல்லிகா தன் தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். நீங்கள் செய்த றைபிள். மிருகத்தைச் சுடுகிறதல்ல, போட்டியில் கடதாசி அட்டையைச் சுடுகிறது. தோளில் வைக்கிற மரக்கட்டை பலாவில் செய்தது, நாள்பட்டுத் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. எந்தத் துவக்கின் கட்டையும் குழலுக்கு நேராகப் பின்னால் வரும். இது வரவில்லை. பாதி வழியில் வலப்பக்கம் விலகி, ஒரு பெரிய வளைவு எடுத்துத்தான் தோளுக்கு வந்தது. இது பிழைத்துப்போன வேலையோ, இதை யாரோ மிதித்துவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். குழலும் மரமும் சேர்கிற இடத்தில் குண்டுமணியளவில் ஒரு 'க' வெட்டியிருந்தது. உங்களுடைய 'க'.

"எங்க அப்பாவுக்கு வலது கண்ணு போச்சு. மெசின் பட்டி அறுந்து அடிச்சது" என்றார் மல்லிகா. "அதுக்கு முந்தி அவரு நல்லா சுடுவாரு. வலது தோள்ல வச்சு, வலது கண்ணால. கண்ணு போன பொறகு இடது தோள்ல வச்சுப் பார்த்தாரு, கை கேக்கல. விட்டுட்டாரு. வீட்டுல ஒரு மூலையில உக்காந்துட்டாரு. அப்ப பாஸ் வந்து சொன்னாரு, கண்ணு அந்தப் பக்கம் இருக்குன்னா துவக்கை அந்தப் பக்கம் கொண்டு போவோம்னு."

அவ்வளவுதான் விஷயம். துவக்கு வலது தோளில், குழல் இடது கண்ணுக்கு முன்னால். நடுவில் ஒரு முகம் கிடக்கிறது. அந்த முகத்தைச் சுற்றிக்கொண்டு மரம் வளைகிறது. நான் எழும்பி நின்று ஒரு விளக்குமாற்றைத் தோளில் வைத்துப் பார்த்தேன். மல்லிகா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

நீங்கள் எந்த இடத்தில் வளைக்கத் தொடங்கினீர்கள் அப்பா? எத்தனை பலாக்கட்டை பிழைத்துப் போனது? அப்படி ஒரு கட்டையை அதற்கு முன் எங்காவது கண்டிருந்தீர்களா, அல்லது யாரும் சொல்லாமலே நீங்களாக யோசித்துக் கண்டுபிடித்தீர்களா? மல்லிகாவுக்குத் தெரியவில்லை. பதுளையில் நீங்கள் அப்படி அளவெடுத்துச் செய்த போட்டித் துவக்குகள் மொத்தம் ஏழு என்று மட்டும் சொன்னார். மற்ற நாளெல்லாம் பயிர் காக்கிற கமக்காரரின் பன்றித் துவக்கு திருத்தின கைதானே அது.

மல்லிகா இன்னும் ஒன்று கொண்டு வந்திருந்தார். அதுதான் என்னைக் குழப்பியது. ஆனால் அதைச் சொல்ல முதல், உங்களுக்கும் எனக்கும் தெரிந்த ஒரு பகல்பொழுதை நான் திரும்பச் சொல்ல வேண்டும். வாசிக்கிற மற்றவர்களுக்கு அது தெரியாது.

தமிழருக்கு அடி விழுந்த அந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பதுளைப் பட்டறையை விட்டுவிட்டு நாங்கள் சரவணைக்கு வந்தோம். எனக்குப் பதினொரு வயது. நீங்கள் வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டுப் புகையிலைத் தோட்டக்காரரின் தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்தத் தொடங்கினீர்கள். ஊரில் யாருக்கும் துவக்குக் கதை சொல்ல வேண்டாம் என்று எங்களுக்குக் கட்டளை. இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள் பின்னேரம் மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். யார், எந்தப் பக்கம் என்று இப்போது எழுதி என்ன? அவர்கள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள்.

"ஐயா, நீங்கள் பதுளையிலை துவக்கு வேலை செய்தனீங்களாம். எங்கடை சாமான் கொஞ்சம் பழுதாக் கிடக்குது. நீங்கள் ஒருக்கா வரவேணும்."

நீங்கள் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினீர்கள். கோப்பை ஆடியது. கட்டியிருந்த சாரத்தில் எல்லாம் தேத்தண்ணீர்.

"அது அந்தக் காலம் தம்பியவை. இப்ப கை ஏலாது. பாருங்கோவன்."

அவர்களில் ஒருவர் நம்பவில்லை. கொட்டிலுக்குள் போய் ஒரு சின்னத் திருகாணியும் அதில் பூட்டுகிற சுரையும் எடுத்து வந்து, "இதைப் பூட்டிக் காட்டுங்கோ ஐயா" என்றார். சுரை விழுந்தது. நான் எடுத்துத் தந்தேன். திரும்ப விழுந்தது. மூன்றாம் தரம் எடுத்துத் தரும்போது நான் அழத் தொடங்கிவிட்டேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு போய்விட்டார்கள்.

அன்றோடு கொட்டில் பூட்டு. நடுங்குகிற கைக்கு மெசின் திருத்த ஏலாதுதானே. இரண்டு மாடு வாங்கினீர்கள். அம்மா தையல் மெசினில் இருந்தா. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த பிறகு சீருடையில் வந்த மற்றப் பக்கத்தவர்களும் அதே கேள்வியைக் கேட்டார்கள், அதே கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா உங்களுக்குச் சோறு தீத்தினா. உங்கள் பெயருக்குக் கையெழுத்தும் அம்மாதான்.

ஒன்றைத் தவிர. என் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையில் தகப்பன்தான் ஒப்பமிட வேண்டும் என்றார்கள். நீங்கள் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினீர்கள். வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்துவிட்டு, "உங்கடை அப்பாவுக்கு எழுத வராதோ?" என்று கேட்டாள். நான் "ஓம்" என்றேன், மற்றப் பெட்டையளும் சிரித்தார்கள். நடுங்குகிறது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. இதை நான் உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இனி மல்லிகா கொண்டு வந்ததைச் சொல்கிறேன். ஒரு கடித உறை. அதற்குள் ஒரு கடிதம். கடிதத்துக்குள் மடித்து வைத்த ஒரு பித்தளைத் தட்டு, ஒரு ரூபாய்க் குற்றியைவிடச் சின்னது. நடுவில் ஊசிமுனையளவு ஒரு துளை. நீங்கள் சோமபால மாத்தையாவுக்குத் தபாலில் அனுப்பியது; எனக்குக் காட்டவென்று துவக்கிலிருந்து கழற்றி வந்திருந்தார்.

கடிதம் சிங்களத்தில். மல்லிகா வாசித்துத் தமிழில் சொன்னார். "வயது போகப் போக அட்டையில் உள்ள கறுப்பு வட்டம் மங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். கண்ணைக் குறை சொல்ல வேண்டாம். பார்க்கிற துளையைச் சின்னதாக்கினால் தெளியும். இதைப் பழையதின் இடத்தில் பூட்டுங்கள். முதல் பத்துக் குண்டும் எங்கே விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்."

அந்தத் தட்டை வாங்கி, என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துளைக்குள்ளால் வெளியே பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு வேலியே பச்சைப் பூச்சுப் போலத்தான் தெரியும். துளைக்குள்ளால் வேலிக்கு அப்பால் நின்ற பனையின் ஒவ்வொரு ஓலை நுனியும் தனித்தனியாகத் தெரிந்தது. இது எப்படி என்று நான் படிப்பிக்கிற நாரந்தனைப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியையிடம் அடுத்த நாளே கேட்டேன். ஒளி, குறுகின துளை என்று கரும்பலகையில் கீறிக் காட்டினா. விளங்கியது. ஆனால் என் மனதில் இருந்த கேள்வி அதுவல்ல.

உறையின் மேல் இருந்த முத்திரையில் மாதமும் வருடமும் தெளிவாக இருந்தன. நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம். உங்கள் பெருவிரல் அடையாளத்தோடு என் தேர்ச்சி அறிக்கை போன அதே மாதம். கடிதத்தில் எழுத்துக்கள் கோடு போட்டு அடுக்கினது போல் இருந்தன. ஒரு எழுத்தும் நடுங்கவில்லை.

மல்லிகா வந்த காரியத்தைப் பிறகுதான் சொன்னார். சோமபால மாத்தையா போனதால் அந்தத் துவக்குக்கு இனி உரிமைப் பத்திரம் இல்லை. பதுளையிலுள்ள சுடும் கழகம் ஒன்று முறைப்படி அதைப் பொறுப்பெடுத்திருக்கிறது. அங்கே வலது கண்ணில்லாத ஒருவர் போட்டிக்குப் பழகுகிறார். இடது கையிலும் இரண்டு விரல்கள் இல்லை. அதனால் துவக்கைத் தோள் மாற்றவும் ஏலாது. அவருக்குப் பொருந்துகிற துவக்கு ஊரெல்லாம் தேடினாலும் இது ஒன்றுதான். ஆனால் சோமபால மாத்தையாவின் முகம் ஒடுங்கிய முகம், இவருடையது அகன்ற முகம். முகம் படுகிற குழிவைக் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

"பாஸோட ஆளுங்களைக் கேக்காம அந்த மரத்துல ஒருத்தரும் கை வைக்கக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டுப் போனாரு" என்றார் மல்லிகா. "அதுதான் வந்தேன்."

"அந்த ஆளுக்கு எப்பிடிக் கண் போனது?" என்று கேட்டேன்.

மல்லிகா தொலைபேசியைப் பைக்குள் வைத்தார். "ஆமியில இருந்தவரு" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பஸ் திரும்பி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. பித்தளைத் தட்டை என் கையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தா. பக்கத்தில் போய் இருந்தேன்.

"அம்மா, அந்த நாளையிலை அப்பாவின்ரை கை உண்மையா நடுங்கினதோ?"

"ஏன் இப்ப கேக்கிறாய்?"

"சொல்லுங்கோவன்."

"படலைக்குள்ளை ஆரும் வந்தால் நடுங்கும். படலை சாத்தினால் நிண்டிடும்."

"உங்களுக்கு அப்பவே தெரியுமோ?"

"சோறு தீத்தினவளுக்குத் தெரியாதோ? நீங்கள் பள்ளிக்கூடம் போனாப் பிறகு மாட்டுக்கொட்டிலுக்கை இருந்து அந்தப் பித்தளைத் தட்டுக்குத் துளை போட்டவர். என்ரை தையல் ஊசி மூண்டு உடைஞ்சது."

எனக்குக் கோபம் வந்தது அப்பா. மறைக்க மாட்டேன். "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே! கைநாட்டைக் காட்டிப் பெட்டையள் சிரிச்சவளவை" என்று கத்தினேன்.

அம்மா இலை உருவுவதை நிற்பாட்டவில்லை. "அண்டைக்குச் சுரை விழேக்கை நீ அழுதாய். கொப்பற்றை கையைப் பாத்து அவங்கள் நம்பேல்லை பிள்ளை. நீ அழுததைப் பாத்துத்தான் நம்பினவங்கள். தெரிஞ்சிருந்தால் அப்பிடி அழுதிருப்பியோ?"

இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நானே போய்க் கேட்டேன். ஏனென்றால் கடைசிக் காலத்தில், ஆஸ்பத்திரியில், நான் பிடித்துக்கொண்டிருந்த உங்கள் கை நித்திரையிலும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். அது நடிப்பில்லை.

"அது உண்மைதான்" என்றா அம்மா. "இடையிலை எப்பவோ மாறிப்போச்சு. ஒருநாள் படலையைச் சாத்தினாப் பிறகும் நிக்கேல்லை. கையைப் பாத்தார், என்னைப் பாத்தார், சிரிச்சார். 'இஞ்சாரும், இது இப்ப என்ரை சொல்லுக் கேக்குதில்லை' எண்டார்."

"எப்பவம்மா அது?"

"ஆருக்குத் தெரியும்? அவருக்கே தெரியாது."

உண்மையாகவே உங்களுக்குத் தெரியாதா? வருடக்கணக்காக ஒரு கையை நடுங்கச் சொல்லிப் பழக்கினால் அது நடுக்கத்தைக் கற்றுக்கொண்டு விடுமா, அல்லது நோய் தன்பாட்டில் வந்ததா? என் கூட்டாளி ஒருத்தி தாதி, அவவிடம் கேட்டேன். இரண்டும் இருக்கலாம், இனிச் சொல்ல ஏலாது என்றா. பயந்தீர்களா அப்பா, அன்றைக்கு? அல்லது சிரித்தீர்கள் என்று அம்மா சொல்வது சரிதானா?

ஆமிக்காரர் விஷயத்தில் எனக்கு மனம் ஒருப்படவில்லை. யாருக்கும் ஒரு துவக்கும் திருத்திக் கொடுக்கக்கூடாது என்று தன் கையையே கெடுத்துக்கொண்ட மனிதர் நீங்கள். உங்கள் துவக்கை அந்த உத்தியோகத்தில் இருந்த ஒருவரிடம் கொடுக்க நான் எப்படி ஓம் என்று சொல்வேன்? அம்மாவிடம் கேட்டேன். "ஆளைப் பாக்காமல் என்னண்டு சொல்லுறது? போய்ப் பார். பாத்திட்டுச் சொல்லு" என்றா. பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் பதுளைக்குப் போனேன்.

நம் பட்டறை இருந்த இடத்தில் இப்போது தொலைபேசி விற்கிறார்கள். வாசல் படி மட்டும் பழைய படி. சுடும் கழகம் ஊருக்கு வெளியே, ஒரு மேட்டின் அடியில், தகரக் கூரை போட்ட நீளக் கொட்டில். மல்லிகா என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது அந்த மனிதர் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று எழும்பி நிமிர்ந்து நின்றார். அந்த நிற்கும் விதம் எனக்குத் தெரியும். எத்தனையோ வீதித் தடைகளில் கண்டது. என் கால் தன்பாட்டில் ஒரு அடி பின்னுக்கு வைத்தது. அதை அவரும் கண்டார். மெல்லத் திரும்பவும் இருந்துவிட்டார்.

பெயர் நிமல். நாற்பத்தைந்து வயது இருக்கும். கதிரை மேசை செய்கிற தளபாடப் பட்டறையொன்றில் மரம் மினுக்குகிற வேலை. மல்லிகாவை நடுவில் இருத்தி நாங்கள் கதைத்தோம். அவர் சிங்களத்தில், நான் தமிழில், இடையிடையே என் உடைந்த சிங்களத்தில்.

"எங்கை போனது கண்?" என்று கேட்டேன்.

"வடக்கில்" என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

"அவ்வளவும் பாத்தாப் பிறகும் ஏன் உமக்குத் துவக்கு?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. மல்லிகா அதை மெதுவாக்கித்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அவர் மல்லிகாவை விட்டு என்னைப் பார்த்தே சொன்னார். "ஒரு கண் போனால் தூரம் தெரியாது அக்கா. தேநீர் ஊற்றினால் கோப்பைக்கு வெளியே ஊற்றுவேன். படி இறங்கினால் கடைசிப் படி இருக்கிறதா இல்லையா என்று காலால் தடவ வேண்டும். வீட்டில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இங்கே மட்டும் அப்படியில்லை. இங்கே எல்லாரும் ஒரு கண்ணால்தான் பார்க்கிறார்கள். இங்கே வந்தால் எனக்கு ஒன்றும் குறைவில்லை."

பிறகு தானாகவே சொன்னார். "ஆளை நோக்கி இனி ஒருநாளும் பிடிக்க மாட்டேன். அதை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொல்ல மட்டும் வேண்டும்."

நான் அந்தத் துவக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முதன்முறையாக நேரில். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். குண்டு இல்லை என்று இரண்டு தரம் திறந்து காட்டிவிட்டுத் தந்தார்கள். நல்ல பாரம். வாங்கில் முட்டுக்கொடுத்து, தோளில் வைத்து, முகத்தைக் குனிந்தேன். குழிவு என் முகத்துக்குப் பொருந்தவில்லை. எனக்காகச் செய்ததில்லையே. ஆனால் ஒரு மனிதனின் முகம் அங்கே எப்படி இருந்திருக்கும் என்பது கன்னத்தில் பட்டுத் தெரிந்தது. எலும்பு எங்கே, சதை எங்கே, அவர் எப்படித் தலை சரிப்பார் என்பதெல்லாம் தெரிந்தது. நீங்கள் எத்தனை நாள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள்!

அந்த நேரத்தில் ஒன்று விளங்கியது. மற்ற எல்லாருக்கும் ஏலாது என்று காட்டிய கையால்தான், மாட்டுக்கொட்டிலுக்குள் இருந்து, இந்தத் துவக்குக்கு ஒரு துளை போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அகப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதான் செய்தீர்கள். ஆகவே துவக்கு எல்லாம் உங்களுக்கு ஒன்றில்லை. யார் பிடிக்கிறார் என்பதைவிட எதை நோக்கிப் பிடிக்கிறார் என்பதைத்தான் பார்த்தீர்களா? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பிழையென்றால் அந்தப் பிழை என்னுடையது.

"தேயுங்கோ" என்றேன் நிமலிடம். "ஆனால் நான் இருக்கேக்கை தேய்க்க வேணும்."

எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. மல்லிகாவுக்குத்தான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவர் பார்த்திருக்கிறார்: நீங்கள் சோமபால மாத்தையாவின் முகத்தில் பவுடரைப் பூசி, துவக்கில் முகத்தை வைக்கச் சொல்லி, மரத்தில் எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அங்கே மட்டும் தேய்ப்பீர்களாம். "ரெண்டு பெரிய ஆம்பளைங்க பவுடர் பூசி வெளையாடுறாங்கன்னு நான் அம்மாகிட்ட ஓடிப்போய் சொன்னேன்" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். என் கைப்பையில் இருந்த பவுடரைத்தான் நிமல் பூசினார். அகன்ற கறுத்த முகத்தில் பாதி வெள்ளை. மரத்தில் இரண்டு இடத்தில் வெள்ளை ஒட்டியது.

கட்டையைப் பிடிப்புக்குள் இறுக்க, தோளில் படுகிற தகட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. இரண்டு திருகாணி. நாற்பது வருடத்துக்கு மேலாக ஒருவரும் தொடாதது. எண்ணெய் விட்டுக் கழற்றினார். தகட்டுக்குக் கீழே, மரத்தின் வெட்டுமுகத்தில், பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. நிமல் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பினார்.

உங்கள் எழுத்து. கண்ணிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து தோள் என்று ஐந்து அளவுகள். ஒன்றை வெட்டித் திருத்தியிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: "இன்னும் கொஞ்சம்?"

கேள்விக்குறியோடு. முடித்துப் பூட்டுகிற நேரத்தில்கூட உங்களுக்கு அது சரியா என்று நிச்சயமில்லை. ஏலுமென்றால் இன்னும் தேய்த்திருப்பீர்கள். எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. இத்தனை மாதமாக உங்களிடம் நான் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். நீங்களும் ஒன்றைக் கேட்டு எழுதி உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார் நிமல்.

"தவ டிக்கக்?" என்றேன் எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

அவர் தலையாட்டிவிட்டுத் தேய்க்கிற தாளைக் கையில் எடுத்தார். இரண்டு விரலில்லாத கையால் கட்டையை அணைத்துப் பிடித்து, மற்றக் கையால் மெல்ல மெல்லத் தேய்த்தார். இடைக்கிடை முகத்தை வைத்துப் பார்த்தார், திரும்பத் தேய்த்தார். அவசரமில்லாத வேலைக்காரர். உங்களுக்குப் பிடித்திருக்கும். கடைசியாக முகத்தை வைத்தவர் எடுக்கவே இல்லை. கனநேரம் அப்படியே இருந்தார். மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தகட்டைத் திரும்பப் பூட்ட முதல் பென்சில் இருக்கிறதா என்று நிமல் கேட்டார். உங்கள் வரிக்குக் கீழே தன் அளவுகளைச் சிங்களத்தில் எழுதினார். அழிக்காமல், கீழே.

பித்தளைத் தட்டையும் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அது துவக்கில் இருக்க வேண்டிய சாமான்.

ஊருக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆள் எப்பிடி?" என்றா. "உங்கடை மருமேன் மாதிரிக் கதை குறைவு" என்றேன். "அப்ப பறவாயில்லை" என்றா.

தை பிறந்ததும் போட்டி. கொழும்பில் நடக்கிறதாம். மல்லிகா எங்களுக்கும் இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் நோ. "அவ்வளவு தூரம் ஏலாது" என்று காலையில் சொல்கிறா, பின்னேரம் எந்தச் சேலை உடுத்துகிறது என்று கேட்கிறா. நான் கட்டாயம் போவேன் அப்பா. பின்னால் இருந்து அட்டையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். முதல் பத்துக் குண்டும் எங்கே விழுந்தது என்று ஒன்று விடாமல் உங்களுக்கு எழுதுவேன். நடுவில் பட்டால் நடுவில் என்று எழுதுவேன். அட்டைக்கு வெளியே போனால் அதையும் எழுதுவேன், உங்கள் மனம் நோகும் என்று மறைக்க மாட்டேன்.

எழுத வராதவரின் மகள் என்று ஒருகாலம் ஒத்துக்கொண்ட,
இன்று இரண்டு மொழி எழுதிய பிள்ளை பாஸின் மகள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற,
உங்கள் மூத்த பிள்ளை
சுகந்தி
சரவணை